முயலுக்குக் குளிருமா?

டிசம்பர் பிறந்து தலைகுந்தாப் புல்வெளியில் உறைபனி வெள்ளை பூத்ததும், ஊட்டியில் வீட்டுமுயல் வளர்ப்பவர்களுக்கு மூன்று கேள்விகள் வந்துவிடும். கூண்டுக்குள் கம்பளி விரிக்கலாமா? பல்பு மாட்டலாமா? ராத்திரிக்கு மட்டும் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடலாமா? கொடைக்கானலிலும் கேள்வி இவைதான். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: முயல் பஞ்சு மாதிரியான பிராணி, குளிர் தாங்காது, அதற்கு வெளியிலிருந்து சூடு கொடுக்க வேண்டும்.

அந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு. ஆரோக்கியமாக இருக்கிற, வளர்ந்த முயல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்தச் சூடு வீணாகாமல் பார்த்துக்கொள்வதோடு வளர்ப்பவர் வேலை முடிந்தது. அதை வீணாக்குபவை ஈரமும் ஊதக்காற்றும். இவற்றுக்குப் பயந்து கூண்டை இறுக மூடிவிடுவது மூன்றாவது ஆபத்து. பாசத்தால் நேர்வது என்பதால் இதைத் தடுப்பதுதான் கடினம்.

வீட்டுமுயலின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமும் அதை ஒட்டிய தென் பிரான்சும். நம் ஊர்க் காடுமேடுகளில் தென்படும் முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புல்லிலும் புதரிலும் பதுங்கிப் படுக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். வீட்டுமுயலின் மூதாதை வளையில் குடியிருந்தது. மண்ணுக்கடியில் பகலின் வெயிலும் இல்லை, இரவின் குளிரும் இல்லை. வெப்பம் அதிகம் ஏறி இறங்காது, காற்று அடிக்காது, தரை காய்ந்திருக்கும். இரண்டு மூன்று உடல்கள் ஒட்டிப் படுத்திருக்கும். குளிர்கால ஏற்பாடு என்று நாம் செய்வதெல்லாம் இந்த வளையைப் பலகையாலும் வைக்கோலாலும் போலி செய்வதுதான்.

வளை மட்டும் கிடைத்தால் இந்தப் பிராணி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்குப் போகும் திசையில், கெர்கெலன் என்ற பிரெஞ்சுத் தீவுக்கூட்டம் இருக்கிறது. மரமே இல்லாத தீவு, காற்று ஓயாது, ஆண்டுச் சராசரி வெப்பம் 5 டிகிரி செல்சியஸைத் தொடாது. 1874-இல் அங்கே முயல்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை செத்துப்போகவில்லை, பல்கிப் பெருகித் தீவின் பூர்வீகச் செடிகொடிகளை மொட்டையடித்தன. ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள மக்குவாரி தீவிலும் இதே கதை. அங்கே விஷம் வைத்தும் நாய்களை விட்டும் பல ஆண்டு போராடி, 2014-இல்தான் முயல் ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. ஊட்டிக் குளிர் இவற்றின் பக்கத்தில்கூட வராது.

இதன் சூத்திரம் முயலின் உடம்பில் இருக்கிறது. முயலின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.5 முதல் 40 டிகிரி வரை, நம்மைவிட அதிகம். அதற்கு மிகவும் இதமான சுற்றுப்புற வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 25 டிகிரி. அதற்குக் கீழே இறங்கும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலில் காது. நியூசிலாந்து ஒயிட் போன்ற இனங்களில் உடலின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் காதுதான். வெயிலில் அதன் வழியே சூட்டை வெளியேற்றும் முயல், குளிரில் காதின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கதவைச் சாத்திக்கொள்கிறது. காலையில் காதைத் தொட்டுப் பார்த்து 'ஐஸாக இருக்கிறதே' என்று பதறுபவர்கள் பலர். சாப்பிட்டுக்கொண்டு துறுதுறுவென்று இருக்கிற முயலின் காது சில்லிட்டிருந்தால் அதன் உடம்பு சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

இரண்டாவது, உட்காரும் விதம். பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா லெபாவும் அவருடைய சகாக்களும் எழுதி, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட முயல் வளர்ப்பு நூல் இத்துறையில் நெடுநாளாகக் கைநூலாக இருந்துவருகிறது. 10 டிகிரிக்குக் கீழே முயல் உருண்டையாகச் சுருண்டு உட்காரும், 25-30 டிகிரியைத் தாண்டினால் கால் நீட்டிப் படுக்கும் என்று அது சொல்கிறது. வெப்பமானி இல்லாத வீட்டில் முயலே வெப்பமானி.

மூன்றாவதுதான் முக்கியம்: வயிறு. முயலின் பெருங்குடல்வாய்ப் பையில் நார்ச்சத்து நுண்ணுயிர்களால் நொதிக்கிறது. நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. குளிர் கூடினால் முயல் கூடுதலாகத் தின்னும். அந்த நூலில் வளரும் முயல்களை வைத்துச் செய்த ஒரு சோதனையின் கணக்கு இருக்கிறது. 18 டிகிரியில் நாளுக்கு 160 கிராமை ஒட்டித் தீவனம் தின்றவை, 5 டிகிரியில் 180 கிராமுக்குச் சற்று மேலே தின்றன. 30 டிகிரியில் 120 கிராம் அளவுக்குக் குறைத்துக்கொண்டன. எடை கூடுவதைப் பார்த்தால், 5 டிகிரி முயல்கள் 18 டிகிரி முயல்களுக்குக் கொஞ்சம்தான் பின்தங்கின. 30 டிகிரி முயல்கள்தான் படுத்துவிட்டன. குளிரைச் சமாளிக்க முயலுக்குத் தேவை இருபது கிராம் கூடுதல் தீவனம். வெப்பத்துக்கு அப்படி ஒரு சுலபமான மாற்று கிடையாது.

ஆகவே சமவெளி வாசகர்கள் ஒன்றை இங்கேயே தெரிந்துகொள்ளலாம். சென்னையிலோ மதுரையிலோ மார்கழி மாதம் முயலுக்கு வருஷத்திலேயே சுகமான மாதம். 20 டிகிரி இரவுக்கு ஸ்வெட்டர் போட்டு முயலைப் படம் எடுப்பவர்கள் மே மாதத்துக்காக அந்தக் கவலையைச் சேமித்து வைப்பது நல்லது. ஏசி அறையும் பொதுவாகத் தப்பில்லை, அதன் காற்று நேராகக் கூண்டின் மேல் விழாதவரை. ஸ்வெட்டர் எந்த ஊரிலும் கூடாது. முயலின் கதகதப்பு மயிருக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்றில் இருக்கிறது. துணி அதை அமுக்கிவிடும். அதோடு துணியைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கம்பளி பற்றிய முதல் கேள்விக்கும் இதுவே பதில்: கம்பளி மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நூல் நூலாகப் பிரிந்து வயிற்றுக்குள் போகும். அது வேண்டாம்.

மலை விஷயத்துக்கு வருவோம். நீலகிரியில் குளிர்காலம் என்றால் எல்லோரும் டிசம்பர், ஜனவரியைத்தான் நினைக்கிறார்கள். வெப்பமானியும் அதைத்தான் சொல்லும்: தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற இடங்களில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும் இரவுகள் அந்த மாதங்களில்தான். ஆனால் முயலின் கணக்கில் அவை அவ்வளவு மோசமான மாதங்கள் இல்லை. வானம் தெளிந்திருக்கும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று குறைவு, கூண்டும் வைக்கோலும் காய்ந்திருக்கும். வெளியே 2 டிகிரி இருந்தாலும் காய்ந்த பெட்டிக்குள் ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு முயல்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

முயலின் உண்மையான குளிர்காலம் ஆடிமாதச் சாரலும் ஐப்பசி அடைமழையும். தென்மேற்குப் பருவத்தில் மலையின் மேற்குச் சரிவுகளில் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது. மூடுபனியும் காற்றும் சாரலும் மாறி மாறி வரும். வெப்பம் 12, 13 டிகிரிதான் இருக்கும். எண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நனைந்த மயிர் காற்றைப் பிடித்து வைக்காது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். 12 டிகிரியில் நனைந்து காற்றில் நிற்கிற முயல், 0 டிகிரியில் காய்ந்து கிடக்கிற முயலைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறது. மலையில் குளிர்கால ஏற்பாட்டைக் கார்த்திகையில் தொடங்குவது தாமதம். ஆனியிலேயே கூரை ஒழுகலைப் பார்த்துவிட வேண்டும்.

உறைபனியைப் பற்றியும் ஒரு சௌகரியமான உண்மை உண்டு. தெளிந்த இரவில் தரையின் சூடு திறந்த வானத்தை நோக்கிப் போய்விடுவதால் உறைபனி படிகிறது. மேலே ஒரு கூரையோ அடர்ந்த மரக்கிளையோ இருந்தால் அந்தப் போக்கு தடைபடும். தோட்டத்து மரத்தடியில் மட்டும் புல் பச்சையாக இருப்பதற்கு இதுதான் காரணம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போலப் பள்ளத்தில் தேங்கும். எனவே கூண்டு இருக்க வேண்டிய இடம் தோட்டத்தின் மேட்டுப் பகுதி, கூரைக்கடியில், தரையிலிருந்து இரண்டடியாவது உயரத்தில். பள்ளத்துக் கேரட் பாத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதற்குப் பரிகாரமாக ஐந்து சாக்குப் போர்த்துவதில் அர்த்தமில்லை.

கூண்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு கருத்து இருக்கும். என் கணிப்பு தென்கிழக்கு. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் அந்தப் பக்கத்தை நேரே தாக்குவதில்லை. காலை வெயிலோ நேரே விழும். மலைச்சரிவும் வீட்டுச் சுவரும் காற்றைத் திருப்பிவிடும் என்பதால், மழை நாளில் ஒரு முறை அந்த இடத்தில் நின்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கூண்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கிடைக்கும் முயல் கூண்டுகளில் பெரும்பாலானவை நாலு பக்கமும் கீழேயும் கம்பி வலை. கோயம்புத்தூர் வெயிலுக்கு அது பொருத்தமான வடிவம். புழுக்கை கீழே விழும், காற்று எல்லாப் பக்கமும் ஓடும். அதே கூண்டை மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏற்றினால் அந்தக் குணங்களே குற்றமாகிவிடும். அடியிலிருந்து வரும் காற்று வயிற்றில் படும். ஒதுங்க இடம் இருக்காது. இதைச் சரிசெய்ய புதுக் கூண்டு வாங்க வேண்டியதில்லை. பின்பக்கமும் இரு பக்கவாட்டும் பலகை அடிக்க வேண்டும்; முன்பக்கம் வலையாகவே இருக்கட்டும், மழைக்கு மட்டும் இறக்கிக்கொள்ள ஒரு தார்ப்பாய்த் திரை. திரை வலையோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்க வேண்டும். ஒட்டினால் முயல் அதைக் கொறித்துவிடும். கம்பித் தரையில் பாதியைப் பலகையால் மூட வேண்டும்.

அந்தப் பலகையின் மேல்தான் படுக்கைப் பெட்டி. இங்கே பலரும் செய்யும் பிழை தாராளம் காட்டுவது. பெட்டி பெரிதாக இருந்தால் முயலின் சூடு அதை நிரப்பாது. இரண்டு முயல்கள் ஒட்டிப் படுத்தால் மூன்றாவதற்கு இடம் இல்லை என்கிற அளவு போதும். வாசல் நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக இருந்தால், உள்ளே வரும் காற்று மூலையில் படுத்திருப்பதன் மேல் நேராக அடிக்காது. அடியில் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், அதன் மேல் முயல் புதைந்துகொள்ளும் அளவுக்கு வைக்கோல். வைக்கோலின் தண்டு உள்ளீடற்ற குழல். அந்தக் குழலில் நிற்கும் காற்றுதான் மெத்தை. நெல் வைக்கோல் போதுமானது, ஆனால் பூசணம் பிடித்த கட்டு வேண்டவே வேண்டாம். கையில் எடுத்து உதறினால் தூசி புகையாகக் கிளம்பினாலோ முகர்ந்தால் புளித்த நெடி வந்தாலோ மாட்டுக்கும் முயலுக்கும் இரண்டுக்கும் ஆகாது. தினமும் காலையில் கையை உள்ளே விட்டு, ஈரமாக இருக்கும் பிடியை மட்டும் எடுத்துப் போட்டு, அந்த இடத்தைப் புதிதாக நிரப்பினால் முழுவதும் மாற்றும் வேலை வாரத்துக்கு ஒருமுறைதான் வரும்.

தகரக் கூரையாக இருந்தால் ஒரு தொல்லை கூடும். ராத்திரி முயல் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தின் அடியில் நீராகப் படிந்து, விடிகாலையில் சொட்டும். மழை பெய்யாத நாளில் வைக்கோல் எப்படி நனைந்தது என்று திகைப்பவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். தகரத்துக்கு அடியில் ஒரு பிளைவுட் தட்டு அடித்தால் தீர்ந்தது. தெர்மாகோல் அடிப்பவர்களும் உண்டு; முயல் எட்டாத உயரமாக இருந்தால் சரி, எட்டினால் ஒரே இரவில் தின்று தீர்த்துவிடும்.

இப்போது அந்த மூன்றாவது ஆபத்து. எல்லாப் பக்கமும் சாக்குப் போட்டு, சந்து பொந்தையெல்லாம் அடைத்து, 'இனி நிம்மதியாகத் தூங்கு' என்று வந்துவிடுகிறோம். காலையில் திறக்கும்போது ஒரு நெடி மூக்கில் ஏறும், கண் கரிக்கும். அது மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. லெபாவின் நூல் காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. மனித மூக்கு அதை உணரும்போது பெரும்பாலும் அந்த எல்லை கடந்துபோயிருக்கும். முயல் மூக்கு வழியாக மட்டுமே மூச்சுவிடும் பிராணி. மூக்கின் உள்சவ்வு அம்மோனியாவால் புண்பட்டால், அங்கேயே தங்கியிருக்கும் பாஸ்டுரெல்லா பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். தும்மல், மூக்கொழுகல், முன்னங்கால் உட்புறம் மயிர் பிசுபிசுத்துத் திரிதிரியாக ஒட்டியிருத்தல் (மூக்கை அதில்தான் துடைத்துக்கொள்ளும்) என்று தொடங்கி நிமோனியா வரை போகும். 'குளிரில் சளி பிடித்துவிட்டது' என்று வீட்டில் சொல்வார்கள். பல சமயம் குளிருக்கு அதில் பங்கே இல்லை, சாக்குக்குத்தான்.

அதனால் காற்று வேண்டும், ஊதல் வேண்டாம். முரணாகத் தோன்றினாலும் செய்யக்கூடியதுதான். முயலின் முதுகு உயரத்தில் காற்று அடிக்கக்கூடாது. கூரைக்குக் கீழே, முயலுக்கு மேலே, நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி எப்போதும் திறந்திருக்க வேண்டும். மேலே ஏறும் ஈரமும் நெடியும் அந்த வழியாகப் போய்விடும். கூண்டுக்குள் காற்றின் வேகம் நொடிக்கு 30 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பார்கள். வீட்டில் அதை அளக்க ஊதுவத்தி போதும். படுக்கை மட்டத்தில் புகை நேராக மேலே எழுந்தால் சரி, படுத்துக்கொண்டு ஓடினால் ஒரு பலகை கூட அடிக்க வேண்டும். பார்த்து முடித்ததும் ஊதுவத்தியை வெளியே எடுத்துவிட வேண்டும், வைக்கோல் பக்கத்தில் இருக்கிறது.

தீவனத்தில் சொல்ல வேண்டியது குறைவு, ஏனென்றால் குளிரில் மாற வேண்டியது அளவுதான். காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும். முயல் அந்தியிலும் இரவிலும்தான் அதிகம் மேயும். காலையில் கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு ராத்திரி காலிக் கூண்டில் விடுவதைவிட, மாலை ஆறு மணிக்குப் பெரும்பங்கைப் போட்டால் விடியும்வரை வயிற்றில் அடுப்பு எரியும். மலையில் கிக்குயூ புல்லுக்குப் பஞ்சமில்லை, அதைக் காயவைக்கத்தான் வெயில் வேண்டும். தை, மாசியில் காயவைத்துச் சேமிப்பவர்கள் ஆடியில் திண்டாட மாட்டார்கள். பனி படிந்த, நனைந்த புல்லை அப்படியே போடாமல் நிழலில் ஒரு வேளை வாட்டிப் போடுவது நம் பண்ணைகளின் பழக்கம், நல்ல பழக்கம். ஊட்டிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கோஸ் இலை அளவு மீறினால் வயிற்றுப்புசத்தில் கொண்டுபோய் விடும். கேரட் இனிப்பு, கிழங்கை நாம் தின்றுவிட்டுத் தழையை முயலுக்குக் கொடுக்கலாம். குதிரைமசால் குட்டிகளுக்கும் சினை முயலுக்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதிகம்.

தண்ணீரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குளிரில் எந்தப் பிராணியும் குறைவாகத்தான் குடிக்கும் என்று ஓர் எண்ணம். முன்சொன்ன அதே சோதனையில் 18 டிகிரி முயல்களைவிட 5 டிகிரி முயல்கள் அதிகத் தண்ணீர் குடித்தன. காரணம் எளிது: கூடுதலாகத் தின்றது காய்ந்த தீவனம், அதை நனைக்கத் தண்ணீர் வேண்டும். குடிக்காவிட்டால் தின்னாது, தின்னாவிட்டால் சூடு இல்லை. குழாய்ப் பாட்டிலின் நுனியில் இருக்கும் இரும்புக் குண்டு உறைபனி இரவில் இறுகிவிடும்; பாட்டிலில் தண்ணீர் நிறைந்திருப்பதாக நமக்குத் தெரியும், முயலுக்கு ஒரு சொட்டும் கிடைத்திருக்காது. காலையில் விரலால் அழுத்திப் பார்ப்பது அவசியம். சூரிச்சில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில் முயல்கள் குழாய்ப் பாட்டிலைவிடத் திறந்த கிண்ணத்தில் குடிப்பதையே விரும்பின என்று கண்டார்கள். கனமான மண்சட்டியோ பீங்கான் கிண்ணமோ வைக்கலாம். ஆனால் படுக்கையிலிருந்து தள்ளி, கவிழாதபடி. கவிழ்ந்த கிண்ணம் மறுபடி ஈரத்தில் கொண்டுவந்து விடும். இரவில் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர் மாற்றினால் இன்னும் நல்லது.

இவ்வளவு பேசியும் மிக முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது. நம் வீடுகளில் முயல் பெரும்பாலும் ஒண்டியாகத்தான் வளர்கிறது; குழந்தை அடம்பிடித்து வாங்கிய ஒற்றை முயல். பிரிட்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரியைச் சேர்ந்த சார்லட் பர்னும் பிப்பா ஷீல்ட்ஸும் ஒரு முயல் காப்பகத்தில் தனியாக இருந்த 15 முயல்களையும் 15 ஜோடிகளையும் ஒப்பிட்டு 2020-இல் ஆய்வு வெளியிட்டார்கள். தனி முயல்களின் உடல் வெப்பம் சராசரியாக அரை டிகிரியாவது குறைந்திருந்தது. தனி முயல்களில் 8 கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. ஜோடிகளில் ஒன்றுகூட இல்லை. கடைகளில் விற்கும் குளிர்காப்புச் சாதனங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தாலும் இன்னொரு முயலுக்கு நிகரானது அவற்றில் இல்லை என்பது என் முடிவு.

அதற்காக நாளைக்கே சந்தையில் ஒன்று வாங்கிக் கூண்டில் தள்ளக்கூடாது. அறிமுகமில்லாத முயல்கள் ரத்தம் வரச் சண்டையிடும். ஆண்கள் இரண்டானால் சொல்லவே வேண்டாம். ஆணும் பெண்ணுமானால் 31 நாளில் குட்டி. கருத்தடை செய்த ஜோடிதான் உலகெங்கும் சொல்லப்படும் வழி. முயலுக்கு அந்த அறுவைச் சிகிச்சை செய்து பழகிய மருத்துவர்கள் மலையூர்களில் அரிது என்பதால், சிறுவயதிலேயே சேர்ந்து வளர்ந்த இரண்டு பெண் குட்டிகளை வாங்குவது நடைமுறையில் சுலபம். பிரிட்டனின் முயல் நலச் சங்கம் ஒரு ஜோடிக்கு மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் என்று இடம் கேட்கிறது. நம்மால் முடிகிறதோ இல்லையோ, காரணம் குளிருக்கும் பொருந்தும்: ஓடும் உடம்பு சூடாகும். வெயில் ஏறியபின் இரண்டு மணி நேரம் தோட்டத்தில் விட்டாலே பாதி வந்தாயிற்று.

பல்பு விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. கோழிக்குஞ்சுக்குப் போடுகிறோமே, முயலுக்கு என்ன என்று கேட்பார்கள். முயல் எதையும் கொறிக்கும், ஒயரை முதலில் கொறிக்கும். காய்ந்த வைக்கோலுக்கு நடுவே சூடான பல்பு தீவிபத்துக்கான ஏற்பாடு. அதைவிட நுட்பமான கோளாறு ஒன்று: பகல் குறுகுவதை வைத்துத்தான் முயலின் உடம்பு குளிர்கால மயிரை அடர்த்தியாக வளர்க்கிறது. ராத்திரி முழுக்க வெளிச்சத்தில் வைத்தால் அந்தக் கணக்கு குழம்பும். சூடு கட்டாயம் தேவை என்ற நிலையில் வெந்நீர் நிரப்பி மூடி இறுக்கிய பாட்டிலைக் கெட்டித் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும். வேண்டாமென்றால் விலகிப்போக முயலுக்கு இடம் வேண்டும்.

வீட்டுக்குள் தூக்கி வருவது? வருஷம் முழுக்க வீட்டுக்குள்ளேயே வளர்ந்தால் பிரச்சினையே இல்லை. சிக்கல் போக்குவரத்தில்தான். கணப்பு எரியும் அறையில் 24 டிகிரியில் தூங்கவைத்துவிட்டுக் காலையில் 3 டிகிரியில் கொண்டுபோய் விடுவதை உடம்பு தாங்குவது கடினம். உள்ளே கொண்டுவருவதானால் சூடாக்காத வராந்தாவோ சாமான் அறையோ நல்லது. வந்தபின் பனிக்காலம் முடியும்வரை இரவுகளில் அங்கேயே இருக்கட்டும். கார் நிறுத்தும் இடம் மட்டும் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கரி அடுப்பு வைத்துக் கதவை மூடிய அறையும் அப்படியே. அது மனிதனையே கொல்லும்.

இதுவரை சொன்ன தைரியம் எல்லா முயலுக்கும் பொருந்தாது. கிழடான முயல், மெலிந்தது, நோயிலிருந்து தேறியது, மூட்டுவலியால் தன் பின்புறத்தைச் சுத்தம் செய்ய முடியாதது ஆகியவற்றுக்குக் குளிர் உண்மையிலேயே பகை. ரெக்ஸ் இனத்துக்கு மயிர் குட்டை. அங்கோரா நேர்மாறு: ரோமம் இருக்கும்வரை அதைப்போலக் குளிர் தாங்குவது வேறில்லை, கத்தரித்த அன்று அதைப்போல நிராதரவானதும் வேறில்லை. இமாசலப் பிரதேசத்தில் குல்லுவை ஒட்டிய கர்சாவில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை அங்கோராவை வளர்க்கிறது. ஏறத்தாழ இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரிப்பதால் ஒரு கத்தரிப்பாவது குளிர்காலத்தில் வந்தே தீரும். கத்தரித்தபின் சில நாட்கள் ஊதல் படாத இடமும் கூடுதல் தீவனமும் இல்லாவிட்டால் இழப்புதான். நம் பக்கம் அதே நிறுவனத்தின் மன்னவனூர் மையத்திலும், ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலும் வளர்ப்பவை சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் போன்ற கனத்த உடம்புக்காரர்கள். அவற்றுக்கு மலைக்குளிர் பழகிய ஒன்று.

எல்லாரையும்விட நலிந்தது பிறந்த குட்டி. மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, உடல் வெப்பத்தைக் காக்கும் திறன் வளரவில்லை; அதைச் சுற்றி 30 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். உறைபனி இரவில் அது எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தாய் கட்டும் கூட்டைப் பார்த்தால்தான் புரியும். ஈனுவதற்கு முன் தாய்முயல் வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் போகும், வரும். பிறகு தன் வயிற்றிலும் தாடையின் கீழும் உள்ள மயிரைப் பிடுங்கி வைக்கோலோடு கலந்து நடுவில் ஒரு குழி அமைக்கும். குட்டிகள் அந்தக் குழியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். மேலே மூடியிருக்கும் மயிரை விலக்கிக் கையை விட்டால் அடுப்படிச் சூடு தெரியும். குட்டிகளுக்குச் சூடு அதிகமானால் குவியல் தானாகத் தளரும், குறைந்தால் இறுகும். தாய் அதன்மேல் படுத்து அணைப்பதில்லை. நாளுக்கு ஒருமுறை வந்து சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். 'தாய் கவனிக்கவில்லை' என்று குட்டிகளை எடுத்து நாம் வளர்க்க முயல்வது பெரும்பாலும் வீண் வேலை.

பெட்டியின் முன்பலகை நாலைந்து அங்குல உயரமாவது இருக்க வேண்டும். முலையைப் பற்றிய குட்டி, தாய் துள்ளி வெளியேறும்போது தொங்கிக்கொண்டே வந்து கம்பித் தரையில் விழுந்துவிடும்; தாய்முயல் பூனையைப்போலக் கவ்வித் தூக்காது. காலையில் கல்லாகச் சில்லிட்டு அசைவற்றுக் கிடக்கும் அந்தக் குட்டியைச் செத்தது என்று எறிந்துவிடக் கூடாது. உள்ளங்கைக்குள் வைத்து மெல்லச் சூடேற்றினால் சில சமயம் வாய் திறந்து மூச்சு வாங்கும். பிறகு குவியலின் நடுவில் வைத்துவிடலாம்.

வளர்ந்த முயலில் கவனிக்க வேண்டிய அடையாளம் இரண்டு: தீனி, புழுக்கை. அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் மூலையில் குந்தியிருந்தால் அது காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை. முயலின் குடல் ஓட்டம் நின்றுவிட்டால் சூடும் சேர்ந்தே இறங்கும். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட வீட்டுமுயல்களைப் பற்றி 2016-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, வந்தபோது இருந்த உடல் வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் சாவதற்கான வாய்ப்பு இரட்டிப்பாவதைக் கண்டது. ஆகவே 38 டிகிரிக்குக் கீழே போன முயல் அவசர நோயாளி. துணியால் சுற்றி, வெதுவெதுப்பான பாட்டிலை ஒட்டி வைத்து, மெதுவாகச் சூடேற்றியபடியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வெந்நீரில் குளிப்பாட்டுவதும் ஹேர் டிரையரை முகத்தில் காட்டுவதும் அதிர்ச்சியிலேயே கொன்றுவிடும். மயங்கிய நிலையில் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறும்.

நாய்க்கும் மாட்டுக்கும் இருக்கிற மாதிரி முயலுக்கு மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. முயல் பார்ப்பவர் யார், ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுப்பாரா என்று மழை தொடங்கும் முன்பே விசாரித்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாண்டிநல்லாவிலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ கேட்டால் பெயர் சொல்வார்கள்.